கருப்பை அழுத்தத் தையலில் இழைத் தேர்வும் சிக்கல்களும்: காலப் பொருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மகப்பேற்றுக்குப் பின் வரும் கடும் குருதிப்போக்கு மருந்துகளுக்குக் கட்டுப்படாதபோது, கருப்பையை அகற்றாமல் தாயைக் காக்கும் அறுவை முறைகளுள் ஒன்று அழுத்தத் தையல். இதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தையல் செல்லும் தடத்தையே விரித்துரைக்கின்றன. எந்த இழையால் தைப்பது என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் தையலுக்குப் பின் நேரும் சிக்கல்களை வகைப்படுத்திப் பார்த்தால், தடத்துக்கு உள்ள பங்கு போலவே இழைக்கும் ஒரு பங்கு உண்டெனத் தெரிகிறது.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவது ஒன்றே: அழுத்தத் தையலுக்குரிய இழையை அதன் வலிமை கொண்டு மட்டும் தேர்ந்தால் போதாது, அவ்வலிமை எத்தனை நாள் நிலைக்கிறது என்பதே முதன்மையான அளவை. காயத்தை மூடும் தையலில் இழை நெடுநாள் நிற்பது நன்மை. அழுத்தத் தையலில் அதுவே கேடாகலாம்.

கருப்பைத் தொய்வால் வரும் குருதிப்போக்கே இங்கு ஆய்வுக்குரியது. பிறப்புவழிக் கிழிவுகள், கருப்பைச் சுவரில் ஊடுருவிப் பதிந்த நஞ்சுக்கொடி ஆகியன தனி ஆய்வுக்கு உரியவை. ஒப்புமைக்குத் தேவையான இடத்தில் மட்டும் அவற்றைச் சுட்டுவோம்.

2. வரையறைகள்

மகப்பேற்றுக்குப் பிந்தைய குருதிப்போக்கு: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் குருதி இழப்பு. 1000 மி.லி.யை எட்டினால் கடுமையானது எனப்படும். இதன் காரணங்கள் நான்கு: தசைத் தொய்வு, காயம், எஞ்சிய நஞ்சுக்கொடித் துண்டு, குருதி உறையாமை. இவற்றுள் தொய்வே மிகுதி. ஏறத்தாழ பத்து நேர்வுகளில் ஏழு அதனால் வருபவை.

அழுத்தத் தையல்: கருப்பையின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றோடொன்று நெருக்கியோ, முகட்டைக் கீழ்நோக்கி மடக்கியோ, தசை தானே தராத இறுக்கத்தை வெளியிலிருந்து தரும் தையல். இது எதையும் மூடுவதில்லை, எதையும் இணைப்பதில்லை. மற்றத் தையல்களிலிருந்து இதைப் பிரிக்கும் பண்பு இதுவே.

இழையின் செயலை அளக்க மூன்று காலங்களைப் பிரித்தறிய வேண்டும்.

பணிக்காலம்: கருப்பைக்கு வெளியழுத்தம் தேவைப்படும் காலம். தசை மீண்டும் தானே சுருங்கும் நிலையை அடைந்து, நஞ்சுக்கொடி இருந்த இடத்துக் குழாய்களில் குருதி உறைந்ததும் இது முடிகிறது. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாட்களே.

வலுக்காலம்: இழை தன் இழுவலிமையைப் பயன்படும் அளவில் தக்கவைக்கும் காலம்.

கரைகாலம்: இழையின் பொருள் முழுவதும் உடலால் கரைக்கப்பட்டு மறையும் வரையான காலம்.

வலுக்காலமும் கரைகாலமும் ஒன்றல்ல. வலுவிழந்த இழை, பொருளாகப் பல வாரம் திசுவுக்குள் கிடக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே இழைத் தேர்வில் நேரும் முதற் குழப்பம்.

3. குருதி நிற்கும் முறை

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 700 மி.லி. வரை குருதி பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அதன் அடியிலிருந்த குழாய்கள் திறந்த வாயுடன் நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள் சுருங்கி, குழாய்களை நெரித்து அடைக்கின்றன. உறைதல் அதற்கு அடுத்த படி. தசை சுருங்காவிட்டால் உறைவதற்கு முன்பே குருதி வெளியேறிவிடுகிறது.

ஆகவே சிகிச்சையின் வரிசையும் தசையிலிருந்தே தொடங்குகிறது. கருப்பையைப் பிசைந்துவிடுதல், ஆக்சிடோசின், எர்கோமெட்ரின், கார்போபுரோஸ்ட் ஆகிய சுருக்க மருந்துகள், பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கிராம் டிரானெக்சாமிக் அமிலம், பின்னர் உட்குழியில் பலூன் என்று படிகள் செல்கின்றன. இவை தவறினாலோ, சிசேரியனில் வயிறு திறந்திருக்கும்போதே தொய்வு நேர்ந்தாலோ, அழுத்தத் தையல் இடம்பெறுகிறது.

தைப்பதற்கு முன் ஒரு சோதனை இன்றியமையாதது. தாயின் கால்கள் அகட்டி வைக்கப்படுகின்றன. ஒருவர் பிறப்புவழியைத் துடைத்துக் கசிவைப் பார்க்கிறார். அறுவை மருத்துவர் கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, இரு கைகளாலும் முன்னும் பின்னுமாக அழுத்திப் பிடிக்கிறார். கசிவு நின்றால் தையலும் நிறுத்தும். நில்லாவிட்டால் தையல் பயன் தராது, வேறு காரணம் தேட வேண்டும். கை கொடுத்த அதே அழுத்தத்தை நீட்டித்து வைத்திருப்பதே இழையின் கடமை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இழைக்குரிய இறுக்கத்தின் அளவும் இச்சோதனையிலிருந்தே கிடைக்கிறது.

4. தையலின் வகைகள்

தடத்தின் அடிப்படையில் அழுத்தத் தையல்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கலாம்.

4.1 உட்குழி திறந்த நெடுந்தடம். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் 1989இல் முதன்முதலாகச் செய்து, ஐந்து நேர்வுகளோடு 1997இல் வெளியிட்ட முறை இது. கருப்பையின் கீழ்ப்பகுதிக் கீறல் திறந்தே இருக்கும். கீறலின் கீழ் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே, பக்க விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே ஊசி நுழைகிறது. உட்குழியைக் கடந்து, மேல் விளிம்புக்கு 3 செ.மீ. மேலே, பக்க விளிம்பிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. உள்ளே வெளிவருகிறது. அங்கிருந்து இழை முன்சுவரின் மேலாக ஏறி, கருப்பைக் கொம்புக்கு 3 முதல் 4 செ.மீ. உள்ளே முகட்டைக் கடந்து பின்புறம் இறங்குகிறது. கீறலின் மட்டத்தில் பின்சுவரைக் குறுக்காக ஒருமுறை துளைத்து மறுபக்கம் வந்து, அதே வழியில் முகடேறி முன்புறம் இறங்கி, கீறலின் கீழே முடிகிறது. தோளில் மாட்டும் கால்சட்டை வார்களைப் போல இரு நெடுவரிகள் கருப்பையைத் தழுவி நிற்கின்றன. உட்குழியைக் கண்ணால் பார்த்து எஞ்சிய துண்டுகளை நீக்க முடிவது இவ்வகையின் சிறப்பு.

4.2 உட்குழி திறவா நெடுந்தடம். ரிச்சர்ட் ஹேமன், இலங்கைத் தமிழரான சபாரத்தினம் அருள்குமரன், பிலிப் ஸ்டீர் ஆகியோர் 2002இல் விளக்கிய முறை. சிறுநீர்ப்பை மடிப்புக்குச் சற்று மேலே முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு ஊசி நேராகச் செல்கிறது. இரு நுனிகளும் முகட்டில் முடியப்படுகின்றன. இருபுறமும் தனித்தனி இழைகள். இயல்புப் பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கீறல் இல்லாதபோது இது விரைவானது. உட்குழியைக் காண இயலாமை இதன் குறை.

4.3 சுவரோடு சுவரை நெருக்கும் தடம். கொரியாவில் சோவும் உடனாய்வாளர்களும் 2000இல் 23 பெண்களைக் கொண்டு வெளியிட்ட சதுரத் தையல் இதன் முதல் எடுத்துக்காட்டு. குருதி வடியும் இடத்தில் இரு சுவர்களையும் ஊடுருவி, சதுர வடிவில் தைத்து, உட்குழி அவ்விடத்தில் இல்லாமற்போகும்படி இறுக்குவது. நஞ்சுக்கொடி கீழிறங்கிப் பதிந்திருந்த இடத்தின் குருதிப்போக்கிலும் இது பயன்பட்டது.

இம்மூன்றுக்கும் வெளியே, 2005இல் பெரேரா குழுவினர் விளக்கிய முறை குறிப்பிடத்தக்கது. அதில் ஊசி மேல்தசையை மட்டும் ஆழமின்றித் தொட்டுச் செல்லும். உட்குழியை எங்கும் துளைக்காது. சிக்கல்களை ஆராயும்போது இந்த வேறுபாடு முதன்மை பெறும்.

5. இழைகளின் வகைகளும் காலங்களும்

5.1 கரையா இழைகள். நைலான், பாலிபுரோப்பிலீன் முதலியன. இவற்றுக்கு வலுக்காலத்தின் முடிவு நடைமுறையில் இல்லை.

5.2 இயற்கைக் கரை இழை. குரோமிக் கேட்கட், ஆடு, மாடு ஆகியவற்றின் குடற்சுவரிலிருந்து எடுக்கப்பட்டு, குரோமிய உப்பால் பதப்படுத்தப்பட்டது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளால் கரைகிறது. அதனால் அழற்சி மிகுதி, கரையும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். தொற்றுள்ள திசுவில் இன்னும் விரைவாக வலுவிழக்கும். பி-லிஞ்ச் முதலில் பயன்படுத்தியது இரண்டாம் எண் குரோமிக் கேட்கட். மாட்டு மூளை நோய் அச்சத்தால் 2001இல் பிரிட்டன் கேட்கட்டை விலக்கியபின், அவர் அதற்கு மாற்றாக மோனோக்ரிலைக் கைக்கொண்டார்.

5.3 செயற்கைக் கரை பின்னிழை. விக்ரில் என நாம் வழங்கும் பாலிகிளாக்டின் 910 இவ்வகையின் தலைமை. நீராற்பகுப்பால் கரைவதால் அழற்சி குறைவு. இரு வாரங்களில் ஏறத்தாழ 75 விழுக்காடும், மூன்று வாரங்களில் 50 விழுக்காடும், நான்கு வாரங்களில் 25 விழுக்காடும் வலு எஞ்சும். கரைகாலம் 56 முதல் 70 நாட்கள். இதன் விரைகரை வடிவம் ஐந்து நாளில் பாதி வலுவையும் இரு வாரத்துக்குள் முழுவதையும் இழக்கும்.

5.4 செயற்கைக் கரை ஒற்றையிழை. இது இரு பிரிவு. மோனோக்ரில் எனப்படும் பாலிகிளெகாப்ரோன் 25 ஒரு வாரத்தில் 50 முதல் 70 விழுக்காடு வலுவோடும், இரு வாரத்தில் 20 முதல் 40 விழுக்காடு வலுவோடும் நின்று, மூன்று நான்கு வாரங்களில் முற்றும் வலுவிழக்கிறது. கரைகாலம் மூன்று முதல் நான்கு மாதங்கள். பி.டி.எஸ். எனப்படும் பாலிடையாக்சனோன் நான்கு வாரம் கடந்தும் வலுவோடு நின்று, கரைய ஆறு மாதமும் மேலும் எடுக்கும்.

இவ்வெண்களுக்கு அருகில் கருப்பையின் மீள்சுருக்கத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த உடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஒரு வாரத்தில் அரை கிலோவாகிறது. இரண்டாம் வாரத்தில் இடுப்புக்குழிக்குள் இறங்கிவிடுகிறது. ஆறாம் வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வருகிறது. அதாவது இழை தழுவி நின்ற உறுப்பு ஒரு வாரத்திலேயே பாதியாகிறது. இழையின் நீளமோ மாறுவதில்லை. பணிக்காலம் கடந்த இழை இறுக்குவதை விட்டுத் தொங்கும் கண்ணியாகிறது. அக்கண்ணி வலுவோடு இருக்கிறதா, வலுவிழந்து இருக்கிறதா என்பதே தாயின் பின்விளைவை வேறுபடுத்துகிறது.

6. தேர்வுக்கான அளவைகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து அளவைகளைப் பெறுகிறோம்.

முதலாவது, காலப் பொருத்தம். வலுக்காலம் பணிக்காலத்தை ஐயமின்றிக் கடக்க வேண்டும். ஆனால் மீள்சுருக்கம் முடியும் வரை நீளக் கூடாது. இதன்படி கரையா இழை முற்றிலும் விலக்கத்தக்கது, பி.டி.எஸ். தேவைக்கு மிகுதி, விரைகரை விக்ரில் பணிக்காலத்துக்குப் போதுமெனினும் தொற்று நேர்ந்தால் ஈடுகொடுக்கும் இடைவெளி அதில் குறைவு. மோனோக்ரிலும், அதையடுத்து விக்ரிலும் எல்லைக்குள் நிற்கின்றன.

இரண்டாவது, தடிமன். ஒரே இறுக்கத்தை மெல்லிய இழை குறுகிய பரப்பில் செலுத்துவதால் திசுவை அறுக்கும். தொய்வுற்ற கருப்பையின் தசை நீர்கோத்து மென்மையாக இருக்கும், அறுபடுவது எளிது. ஆகவே ஒன்றாம் எண்ணுக்குக் குறையாத இழை வேண்டும். செயற்கை இழையில் ஒன்றாம் எண் என்பது 0.4 முதல் 0.5 மி.மீ. வரையான விட்டம்.

மூன்றாவது, வழுக்குத்தன்மை. பி-லிஞ்ச் தடத்தில் முன்புறம் இழுக்கும் விசை, முகட்டையும் பின்சுவரையும் கடந்து மறுபுறம் வரை பரவ வேண்டும். தொடும் ஒவ்வோர் இடத்திலும் உராய்வு அவ்விசையைக் குறைக்கும். பின்னிழையில் உராய்வு மிகுதி; அதனால் ஒருபக்கம் மட்டும் இறுகி மறுபக்கம் தளர்ந்து நிற்கக்கூடும், வலிந்து இழுத்தால் வாள்போல் தசையை அறுக்கும். ஒற்றையிழை வழுக்கிச் சென்று விசையைச் சமமாகப் பரப்பும். ஹேமன் தடத்தில் இழை குறுகியது, நேரானது. எனவே அங்கு விக்ரிலின் இக்குறை பெரிதாகத் தோன்றாது.

நான்காவது, முடிச்சுறுதி. இங்கு நன்மை இடம் மாறுகிறது. பின்னிழையின் முடிச்சு எளிதில் பிடிக்கும்; ஒற்றையிழை தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயல்வதால் முடிச்சு நழுவும். மோனோக்ரில் கொண்டு தைப்பவர் தட்டையான சதுர முடிச்சுகளைக் கூடுதலாக இட வேண்டும்.

ஐந்தாவது, நீளமும் ஊசியும். பி-லிஞ்ச் தடத்துக்கு 90 செ.மீ. இழையும் 70 மி.மீ. அளவிலான பெரிய உருண்டை ஊசியும் தக்கவை. சிசேரியனுக்கு வழக்கமாக எடுக்கும் 40 மி.மீ. ஊசியால் தடித்த சுவரை ஒரே வீச்சில் கடப்பது கடினம். பொருந்தும் இழை கைவசம் இல்லாதபோது குறுகிய இழைகளை முடிந்து நீட்டுவதைவிட, தடத்தை மாற்றி இரு தனி இழைகளால் ஹேமன் முறையில் தைப்பது நேரியது.

7. சிக்கல்கள்: காரண வழிப் பகுப்பு

சிக்கல்களை நேரும் காலம் கொண்டு வரிசைப்படுத்துவது வழக்கம். தடுக்க முயல்பவருக்குக் காரணம் கொண்டு பகுப்பதே பயன் தரும். ஆகவே நான்கு காரணங்களின் கீழ் அவற்றை வைக்கிறோம்.

7.1 இறுக்கத்தின் பிழை. குறைந்தால் குருதி நில்லாது. மிகுந்தால் இழை தசையை அறுக்கும், அல்லது குருதி ஊட்டத்தை நிறுத்தும். ஊட்டம் இழந்த பகுதி அழிந்துபோவது திசுச்சாவு. கருப்பைத் தமனி, சினைப்பைத் தமனி என இருவழி ஊட்டம் இருப்பதால் இது அரிது. ஆயினும் 2004 முதல் பி-லிஞ்ச் தையலுக்குப் பின் இத்தகைய நேர்வுகள் பதிவாகியுள்ளன. விடாத காய்ச்சல், வயிற்றுவலி, நாற்றமுள்ள கசிவு ஆகியன இதன் அறிகுறிகள்.

7.2 தடத்தின் பிழை. ஊசி மிகக் கீழே சென்றால் சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும், பக்கவாட்டில் சென்றால் குருதிக்குழாய்களும் காயமுறும். முகட்டில் இழை வெளிப்புறம் நழுவினால் அழுத்தம் இழக்கப்படும், கொம்புப் பகுதி நெரிபடும். சதுரத் தையலுக்கு உரிய தனிக் கேடுகள் இரண்டு. சதுரங்கள் நெருங்கி அமைந்து உட்குழியின் வடிகால் அடைபட்டால் சீழ்த்தேக்கம் உண்டாகிறது. இரு சுவர்களும் பல நாள் ஒட்டியிருந்தால் உள்ளொட்டு ஏற்பட்டு, மாதவிடாய் குறையவோ நிற்கவோ, கருவுறாமை நேரவோ கூடும். பிரான்சில் அழுத்தத் தையலுக்குப் பின் உள்நோக்கிக் கருவியால் ஆராயப்பட்ட 15 பெண்களில் 4 பேருக்கு உள்ளொட்டு இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உட்குழியைத் துளைக்காத பெரேரா முறையின் நோக்கம் இதிலிருந்து விளங்கும்.

7.3 இழையின் பிழை. வலுக்காலம் மிகுந்த இழை மூன்று வழிகளில் தீங்கு செய்கிறது. தொங்கும் கண்ணிக்குள் குடல் நுழைந்து சிக்கலாம். சுருங்கும் சுவரில் நகரும் இழை அதை அரித்து ஊடுருவலாம். இழையரிப்பு என இதைச் சொல்லலாம். உட்குழியில் நீட்டிய பின்னிழை, தன் நுண்ணிடைவெளிகள் வழியே கிருமிகளுக்கு இடம் தந்து தொற்றை நீட்டிக்கலாம். அழுத்தத் தையலில் கரையா இழையைத் தவிர்க்க வேண்டும் என்று 2005இல் காட்சியாஸும் கர்லிங்கும் தனிக் கட்டுரையாகவே எழுதினர்.

7.4 சேர்க்கையின் பிழை. ஒரு முறை போதாதபோது மற்றொன்றைச் சேர்ப்பது இயல்பு. நெடுந்தடத்தோடு சதுரத் தையல், தையலோடு கருப்பைத் தமனிக் கட்டு, தையலோடு உட்பலூன் எனச் சேர்க்கைகள் பல. ஒவ்வொன்றும் உயிர் காத்ததுண்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் ஊட்டத்தைக் கட்டும், உள்ளே பரவும் ஊட்டத்தைத் தையலும் ஒருசேரத் தடுத்தால் திசுச்சாவுக்கான வாய்ப்பு உயர்கிறது. பி-லிஞ்ச், சோ தையல்கள் இரண்டும் சேர்ந்த ஒருவருக்குச் சுவரின் ஒரு பகுதி அழிந்ததை 2008ஆம் ஆண்டுப் பதிவொன்று காட்டுகிறது. அழிந்த இடம் மெலிந்து ஆறினால், அடுத்த கருவின்போது கருப்பை பிளக்கும் இடராகவும் அது தொடரும்.

8. காலந்தாழ்த்தலும் கண்காணிப்பும்

எந்த இழையும் காலந்தாழ்ந்த முடிவை ஈடுசெய்யாது. பிரிட்டன் முழுவதும் தொகுக்கப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், அழுத்தத் தையல் பெற்ற 211 பெண்களில் நான்கில் ஒருவருக்குப் பின்னர் கருப்பையை அகற்ற வேண்டியிருந்தது. பிறப்புக்கும் தையலுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மணி நேரம் கடந்தவர்களிடம் அந்த வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. தடவகைகளுக்கு இடையே அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. இதிலிருந்து பெறப்படுவது: தேர்வைப் பற்றிய சிந்தனை அறுவை அரங்குக்கு வெளியே, முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். இழையும் ஊசியும் குருதிப்போக்குக்கான அவசரப் பெட்டியில் இருக்க வேண்டும். தாய் குருதி இழக்கும்போது அலமாரியில் தேடுவது தேர்வாகாது.

தையலுக்குப் பின் கண்காணிப்பு மூன்று கட்டங்களில் அமையும். முதல் இரு நாட்களில் குருதி, சிறுநீரின் அளவும் நிறமும், வயிற்று உப்புசம். ஆறு வாரம் வரை காய்ச்சல், வலி, கசிவின் நாற்றம். ஐயம் எழுந்தால் ஒலியலைப் படமும், திசுச்சாவை உறுதிசெய்யக் காந்த அதிர்வுப் படமும். அதன்பின் மாதவிடாய் திரும்பும் முறை. சதுரத் தையல் பெற்றவருக்கும் மாதவிடாய் குறைந்தவருக்கும் உட்குழியை நோக்கிப் பார்த்தல்.

9. முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுப்போம். அழுத்தத் தையல் தற்காலிகக் கைப்பிடி. அதன் இழையும் தற்காலிகமாகவே இருக்க வேண்டும். காலப் பொருத்தத்தையும் வழுக்குத்தன்மையையும் சேர்த்து நோக்கினால், நெடுந்தடத்துக்கு ஒன்றாம் எண் மோனோக்ரில் முதல் தேர்வு. உட்குழி திறவாத் தடத்துக்கு ஒன்றாம் எண் விக்ரிலும் ஏற்புடையது. கரையா இழைக்கு இங்கு இடமில்லை. இறுக்கத்தின் அளவை இருகைச் சோதனை தருகிறது. சேர்க்கை முறைகள் தேவை முற்றிய இடத்துக்கு மட்டும் உரியவை.

இவ்வளவும் பயன்பட வேண்டுமானால் ஒரு சிறு கடமை மீதமுள்ளது. அறுவைக் குறிப்பில் "அழுத்தத் தையல் இடப்பட்டது" என்று மட்டும் எழுதுவது போதாது. தடத்தின் பெயர், இழையின் பெயரும் எண்ணும், உட்குழி துளைக்கப்பட்டதா என்பது, உடன் செய்த கட்டு அல்லது பலூன் ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும்; தாயின் கையில் கொடுக்கும் சீட்டிலும் அவை இடம்பெற வேண்டும். இரண்டாண்டு கழித்து வேறோர் ஊரில் கருவுற்று வரும் அப்பெண்ணை முதன்முறை காணும் மருத்துவர், அவள் கருப்பைச் சுவர் எதைத் தாங்கியது என்பதை அச்சீட்டிலிருந்துதான் அறிய முடியும்; அடுத்த பேறு எங்கே, எம்முறையில் நிகழ வேண்டும் என்பதை அதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.